தெரியாதவருக்குத் தருவது

(பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்கு ஈகைக் குணத்தைப் போதிப்பது எப்படி என்னும் விஷயத்தைப் பற்றி நான் பேசவேண்டும் என்று இந்தச் சங்கத்தின் காரியதரிசி என் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டபோது, முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் நின்று தொண்டை வறளப் பேசியவன் என்ற முறையில், அந்தப் ‘போதிப்பது’ என்ற சொல்லின்மீதுதான் எனக்கு முதலில் சந்தேகம் பிறந்தது. பெருக்கலையும் பின்னத்தையும் போதிக்கலாம். பிரயாசைப்பட்டால் இலக்கணத்தைக்கூடப் போதித்துவிடலாம். ஈகையைப் போதிக்கப் புகுந்த நாங்களோ பெரும்பாலும் ஈகையைப் பற்றிய கட்டுரையைத்தான் போதித்தோம். அந்தக் கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கிய பையன், மணி அடித்த மறுகணமே, பக்கத்தில் இருந்தவனுக்குப் பேனாவை இரவல் தர மறுத்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். எட்டு மதிப்பெண் போட்டவனும் நானேதான்.

நம் வீடுகளில் தர்மத்தைப் பழக்குவதற்கென்று வழிவழியாக வந்த முறை ஒன்று உண்டு. கோயில் வாசலில் தகப்பனார் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, "போடு கண்ணு" என்கிறார். குழந்தை ஓடிப்போய்ப் படியில் அமர்ந்திருக்கும் கிழவரின் தட்டில் அதைப் போட்டுவிட்டுத் தகப்பனாரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அழகான காட்சிதான், நானும் என் மக்களை அப்படித்தான் பழக்கினேன். ஆயினும் அந்த ஒரு நிமிஷத்தில் குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது என்று சற்று நிதானமாக யோசித்துப் பார்த்தால், கொடுக்கப்பட்ட பொருள் தன்னுடையது அன்றாகையால் கொடுப்பதில் தனக்கு யாதொரு நஷ்டமும் இல்லை என்பதையும், கொடுப்பவன் நின்றுகொண்டிருப்பான், வாங்குபவன் உட்கார்ந்திருப்பான் என்பதையும், கொடுத்த பிறகு பார்க்கவேண்டியது வாங்கியவருடைய முகத்தை அன்று, மெச்சக்கூடியவருடைய முகத்தையே என்பதையும் அது வெகு நன்றாகக் கற்றுக்கொண்டுவிடுகிறது என்றே தோன்றுகிறது. பள்ளிக்கூடத்திலாவது நாங்கள் இதைத் திருத்தினோமா என்றால் அதுவும் இல்லை. வெள்ள நிவாரண நிதி திரட்டும்போது இன்னார் இவ்வளவு தந்தார் என்று கரும்பலகையில் வரிசைப்படுத்தி எழுதிவைத்தோம். அந்த வரிசையின் அடியில் தன் பெயரைக் கண்ட பிள்ளை அன்று மாலை வீட்டுக்கு வந்து என்ன கேட்டிருக்கும் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போகப் புறப்பட்ட எனக்கு, மகளும் மருமகனும் ஒரு துக்கம் விசாரிக்க வெளியூர் போயிருந்தபடியால், எட்டு வயதுப் பேத்தியையும் கையோடு அழைத்துச் செல்ல நேர்ந்தது. அவளுக்கு எதையும் கற்பிக்கவேண்டும் என்ற உத்தேசம் எனக்குக் கடுகளவும் இல்லை; வீட்டில் தனியாக விட்டுப்போக மனமில்லை, அவ்வளவுதான். அங்கே ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். காய்ச்சல் உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீரா என்று வரிசையாகக் கேள்விகள். பிறகு எடை பார்த்தார்கள். பிறகுதான் அவள் கண்ணை அகல விரித்த காரியம் நடந்தது. தாதி என் மோதிர விரலின் நுனியில் சுருக்கென்று குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழலில் இரத்தத்தை உறிஞ்சி, நீல நிறத் திரவம் நிறைந்திருந்த ஒரு சிறு குவளையில் ஒரு சொட்டு விட்டாள். அந்தத் திரவம் வேறொன்றுமில்லை; நம் கிராமத்து நாட்டு வைத்தியர்கள் மயில்துத்தம் என்று சொல்லிப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதையே குறிப்பிட்ட அளவில் தண்ணீரில் கரைத்ததுதான். இரத்தத்தில் சத்துப் போதுமான அளவு இருந்தால் அந்தத் துளி சில விநாடிகளில் அடியில் போய்த் தங்கிவிடும். குறைவாக இருந்தால் மேலே மிதக்கும், அல்லது நடுவில் நின்று தயங்கும். என் துளி கனமாக இறங்கியது. "தாத்தா, முங்கிடுச்சு! நீங்க பாஸ்!" என்று அவள் மண்டபம் முழுவதும் கேட்கும்படி கூவினாள்.

எனக்கு அடுத்து வந்த வாலிபனை, அவன் அண்மையில் கையில் பச்சை குத்திக்கொண்டிருந்தான் என்ற காரணத்தால், சில மாதம் கழித்து வரும்படி மருத்துவர் அன்போடு சொல்லி அனுப்பிவிட்டார். அவன் முகம் வாடிப்போய், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே நடந்து போனான். "அந்த அண்ணனை ஏன் வேணாம்னுட்டாங்க?" என்று பேத்தி கேட்டாள். கேட்டது கிடைக்காமல் அழும் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவளே அப்படி அழுதவள்தான். கொடுக்கக் கிடைக்காமல் ஒருவன் வருந்திப் போவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

நான் படுக்கையில் படுத்து, கையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருக்கையில், கீழே ஒரு சிறு யந்திரத்தின்மேல் கிடந்த பை, இரத்தம் அதில் உள்ள மருந்தோடு நன்றாகக் கலக்கும்பொருட்டு, தொட்டில்போல இப்படியும் அப்படியுமாக ஆடியது. அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கத் தாதி அவளுக்கு அனுமதி தந்தாள். "சூடா இருக்கு தாத்தா" என்றாள், ஏதோ இரகசியத்தைக் கண்டுபிடித்தவள்போலத் தாழ்ந்த குரலில். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் முடிந்தது. எனக்குத் தந்த பிஸ்கட்டில் முக்கால்வாசியை அவளே தின்றுகொண்டிருந்தபோது விசாரணை ஆரம்பமாயிற்று.

"இது யாருக்குப் போகும் தாத்தா?"

"தெரியாதும்மா."

"நம்ம தெருவுல யாருக்காவதா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

"நீங்கதான் குடுத்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படித் தேங்க்ஸ் சொல்லுவாங்க?"

"சொல்லமாட்டாங்க."

இந்தப் பதிலில் அவளுக்கு அன்று திருப்தி ஏற்படவில்லை என்பதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். எனக்கோ அந்தக் கேள்விகள் வீடு வந்து சேர்ந்த பிறகும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. கோயில் வாசல் நாணயம் எதையெல்லாம் கற்பிக்கிறதோ அதையெல்லாம் இந்தக் கொடை ஒன்றன்பின் ஒன்றாக அழித்துக்கொண்டு போகிறதே என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உதித்தது.

முதலாவது, இது கொடுப்பவனுடைய சொந்தப் பொருள். தகப்பனார் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தர முடியாதது. இதில் தனிகன் என்றும் தரித்திரன் என்றும் பேதம் இல்லை. உடலின் எடையைப் பார்த்து 350 மில்லிலிட்டரோ 450 மில்லிலிட்டரோ எடுப்பார்களேயன்றி, ஒருவன் செல்வாக்கைப் பார்த்துப் பத்து மடங்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைப் பூட்டி வைக்கவும் முடியாது. சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தால் ஏறக்குறைய 42 நாள். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். ஆகவே ஊருக்கு நூறு ஏக்கர் நன்செய் எழுதிவைத்துவிட்டு, நம் தர்மம் சந்திரசூரியர் உள்ளவரை நடக்கும் என்று நிம்மதியாக இருப்பதைப்போல, இந்தத் தர்மத்துக்கு மானியம் எழுதிவைத்துவிட்டுத் தூங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் எழுந்து வந்து சட்டைக் கையைச் சுருட்டித்தான் ஆகவேண்டும்.

இன்னும் ஒரு விசேஷம், இன்னாருக்குத்தான் தருவேன் என்று பாத்திரம் பார்க்கும் நம் சுபாவத்துக்கு இது இடம் கொடுப்பதில்லை. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1667-ல் பிரான்ஸ் தேசத்தில் டெனி என்னும் வைத்தியர் ஓர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார்; அவன் பிழைத்தது அவனுடைய ஆயுள் பலம் என்றே சொல்லவேண்டும். 1818-ல் இலண்டனில் பிளண்டெல் என்னும் பிரசவ வைத்தியர், பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் பெருகி மடியும் தாய்மாரைக் காணச் சகியாதவராய், மனிதனுடைய இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றத் துணிந்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் மாண்டார்கள். ஏன் பிழைத்தார்கள், ஏன் மாண்டார்கள் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. வியன்னா நகரத்தில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் தம்முடைய இரத்தத்தையும் தம்மோடு பணிபுரிந்தவர்களுடைய இரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, சில கலக்கின்றன, சில திரிந்து கட்டிபோலாகின்றன என்று கண்டு, மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901-ல் வெளியிட்ட பிறகே அந்தப் புதிர் விடுபட்டது. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் தேதியைத்தான் இன்று உலகம் குருதிக்கொடையாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

அந்த வகைப்பிரிவு நம் வகைப்பிரிவுகளை எப்படி மதிக்கிறது என்று பாருங்கள். இரத்த பந்தம், இரத்த பாசம் என்று பேசுகிறோம். கூடப்பிறந்த அண்ணனுடைய இரத்தம் தம்பிக்குச் சேராமல் போவதும், எங்கோ பெயர் தெரியாத ஊரில் இருக்கும் ஒருவருடைய இரத்தம் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதும் ஆஸ்பத்திரிகளில் அன்றாட நிகழ்ச்சி. நெருங்கிய உறவினர் இரத்தத்தில் அபூர்வமான ஒரு தனி அபாயமே உண்டென்றும், அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்பே ஏற்றுவது உசிதம் என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். நம் தேசத்திலேயே பம்பாயில் 1952-ல் டாக்டர் பெண்டே என்பவரும் அவர் சகாக்களும் கண்டறிந்த ‘பம்பாய் வகை’ இரத்தம் உடையவர் எவ்வளவு பெரிய குலத்தில் பிறந்தவராயிருந்தாலும், அதே அபூர்வ வகையைச் சேர்ந்த இன்னொருவர் கை நீட்டினால்தான் அவருக்கு ரக்ஷணை. அந்த இன்னொருவர் யாராயிருந்தால் என்ன என்று அந்த வேளையில் எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உடம்பு தேறிய பிறகு கேட்பார்களோ என்னவோ, அது வேறு கதை.

பெரியோர்களே, ஈகையைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லப் புகுந்தால் நம் வாயில் முதலில் வருவது சிபிச் சக்கரவர்த்தியின் கதையும் கர்ணனின் கதையுமே. புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் வைத்தவன் சிபி. போர்க்களத்தில் அம்பு தைத்து வீழ்ந்து கிடக்கும் வேளையில், கிழ வேதியனாக வந்து யாசித்த கண்ணனுக்குத் தான் செய்த புண்ணியம் அனைத்தையும், தாரை வார்ப்பதற்கு நீர் இல்லாத காரணத்தால் தன் மார்பிலிருந்து வழிந்த குருதியையே நீராகக் கொண்டு தத்தம் செய்தவனாக வில்லிபுத்தூராரின் பாரதம் கர்ணனைக் காட்டுகிறது. நெஞ்சை உருக்கும் கட்டங்கள். வகுப்பில் இவற்றைச் சொல்லும்போது என் குரலே பலமுறை தழுதழுத்திருக்கிறது. இருந்தாலும், ஓர் ஆசிரியனாக என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், இந்தக் கதைகளை மட்டும் கேட்டு வளரும் குழந்தை, ஈகை என்பது உயிரையே விடத் துணிந்தவர்கள் செய்யும் காரியம், நம்மைப்போன்ற சாமானியர்களுக்கு உரியதன்று என்று வணங்கி ஒதுங்கிவிடும். அவர்கள் ஒரு முறை கொடுத்தார்கள், காவியம் முடிந்தது. நம் முகாமிலோ, சிபியே வந்து படுத்தாலும் 350 மில்லிலிட்டர் ஆனவுடன் ஊசியை உருவிவிட்டு, பழரசத்தைக் கையில் கொடுத்து, "மூணு மாசம் கழிச்சு வாங்க சார்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் என்பது நம் நாட்டுக் கணக்கு. மகத்தான தியாகம் இல்லை. மறுபடி மறுபடி வரும் ஒரு சின்னக் கடமை.

அப்படி மறுபடி மறுபடி வந்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலியா தேசத்தில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 1951-ல், 14 வயதுப் பையனாக இருக்கும்போது, மார்பில் பெரிய சஸ்திர சிகிச்சை செய்து ஒரு நுரையீரலை எடுக்கவேண்டி வந்தது. 13 யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். பல வாரம் படுக்கையில் கிடந்தார். முகந்தெரியாத மனிதர்கள் தந்த இரத்தத்தால்தான் நீ பிழைத்தாய் என்று தகப்பனார் அவருக்குச் சொன்னார். அவ்வளவே நடந்தது. உபதேசம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பையன், தானும் கொடுப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டான். ஆனால் 18 வயது நிரம்பினால்தான் கொடுக்கலாம் என்பது அங்கேயும் விதி, காத்திருந்தான். 1954 முதல் கொடுக்கத் தொடங்கினான். ஊசியைக் கண்டால் அவருக்குப் பயம். கடைசி வரையில் ஊசி ஏறும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

சில ஆண்டுகள் கழித்து ஓர் அதிசயம் தெரியவந்தது. தாயின் இரத்தம் ஒரு வகையாகவும் கருவிலுள்ள குழந்தையின் இரத்தம் வேறு வகையாகவும் இருந்தால், தாயின் உடலே குழந்தையின் இரத்தத்தைப் பகையென்று எண்ணித் தாக்கும் விபரீதம் சில சமயம் நேரும். குழந்தைகள் கருவிலும் பிறந்த உடனேயும் மடிந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்கும் மருந்தைச் செய்வதற்கு வேண்டிய எதிர்ப்பொருள் ஹாரிசனின் இரத்தத்தில் அபரிமிதமாக இருந்தது. சிறுவயதில் ஏற்றிய அந்த அந்நிய இரத்தமே அவர் உடலில் அதை விளைவித்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் ஊகம். அன்று முதல் சில வாரங்களுக்கு ஒரு முறை தம் பிளாஸ்மாவைத் தந்தார். 81 வயதில், வயது வரம்பு வந்துவிட்டது என்று 2018-ல் நிறுத்தச் சொல்லும் வரையில் 1,173 முறை தந்தார். அதனால் 24 லட்சம் குழந்தைகள் காக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தார் கணக்கிட்டார்கள். அவருடைய சொந்த மகளுக்கும் அந்த மருந்து தேவைப்பட்டது. 2025 பிப்ரவரியில், 88-ஆவது வயதில், தூக்கத்திலேயே காலமானார்.

இந்தச் சரித்திரத்தில் நம் மனத்தைக் கவரவேண்டியது 24 லட்சம் என்ற தொகையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 14 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே அந்தப் பையன் காத்திருந்த ஆண்டுகளையே நான் பெரிதாக எண்ணுகிறேன். குழந்தைக்குப் பழக்கக்கூடிய தர்மங்களில் குழந்தை தானே செய்ய முடியாத தர்மம் இது ஒன்றுதான். அது ஒரு குறையென்று முதலில் தோன்றும். சட்டம் இடம் தராது, உடலும் இடம் தராது. 18 வயதும் 45 கிலோ எடையும் வேண்டும். ஆகவே குழந்தைக்கு இதில் நடிக்க வழியில்லை. பாராட்டு வாங்க வழியில்லை. பார்க்கலாம், கேட்கலாம், ஆசைப்படலாம். ஔவைப் பாட்டி ஆத்திசூடியைத் தொடங்கும்போது அறத்தைச் செய் என்று கட்டளையிடாமல், அதை விரும்பும்படி மட்டும் குழந்தையிடம் சொல்லி நிறுத்திக்கொண்டதன் நுட்பம், இத்தனை ஆண்டுகள் அதை நெட்டுருப்போட வைத்த எனக்கு, அந்த முகாமில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சிறுமியைப் பார்த்தபோதுதான் புலப்பட்டது.

பதினெட்டு வயது நிரம்பியவுடன் கல்லூரிப் பிள்ளை ஆசையோடு புறப்படும்போது, வாசலில் மறிப்பவர்கள் தாய்மார்கள் என்பதையும் நான் அறிவேன். "ரத்தம் குடுத்தா உடம்பு வத்திப்போயிடும்" என்பது அவர்கள் வாதம். உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சிவப்பணுவின் ஆயுளே 120 நாள். நாம் யாருக்கும் ஒரு சொட்டுக்கூடத் தராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாலும் அது மடிந்து, புதிது பிறந்துகொண்டுதான் இருக்கும். கொடுத்த திரவப் பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது. அணுக்கள் சில வாரங்களில் நிரம்பிவிடுகின்றன. இறைத்த கிணறு ஊறும் என்று இதே தாய்மார்கள்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தாய்மார்களைப் பற்றிப் பேசும்போது, நான் வெட்கத்தோடு சொல்லவேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. மறு ஆண்டு அதே முகாமுக்கு என் மகளும் வந்தாள். பேத்தியும் கூடவே வந்தாள். மகளின் விரலிலிருந்து விட்ட துளி அந்த நீல நீரில் இறங்கவில்லை. மேலே நின்று மெல்லக் கலைந்தது. "உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்குக்கா. முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் சேத்துக்குங்க, டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கிக்குங்க, அப்புறமா வாங்க" என்றாள் தாதி. கூட்டத்தில் இருந்த பெண்களில் பலருக்கு அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்த சோகை இருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பவள் எவளோ, அவளைக் கொடுக்கத் தகுதியில்லாதவள் என்று அந்த மயில்துத்த நீர் திருப்பி அனுப்புகிறது. நீரின்மீது தவறில்லை. தோசை வார்த்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் கருகியதையும் கிழிந்ததையும் அடுப்படியிலேயே நின்று தின்று முடிப்பவளை அன்றுவரை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? பெண்மையின் தியாகம் என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டி வைத்திருந்தேன்.

அன்றிரவு பேத்தி ஒரு சட்டம் போட்டாள்: அம்மா உட்காராமல் யாரும் உட்காரக்கூடாது. முதல் இரண்டு வாரம் எனக்கே அது சிரமமாக இருந்தது. ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவன் எட்டரை வரை காத்திருக்கவேண்டும். கீரையைக் கண்டால் முகம் சுளிக்கும் அவளே முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். ஐந்து மாதம் கழித்து, பக்கத்து ஊர் முகாமில், அவள் அம்மாவின் துளி நேராக அடியில் போய்த் தங்கியது. ஒரு துளி இரத்தம் முங்குவதற்காக ஒரு வீட்டின் இராச்சாப்பாட்டு வேளை மாறவேண்டியிருந்தது. ஈகையைப் பற்றி நான் நடத்திய பாடங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஐந்து மாதத்தில் அவள் அதிகம் கற்றுக்கொண்டாள் என்று சொன்னால், ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த மகள் பிறந்த இரவைப் பற்றியும் சொல்லவேண்டும். 1984. பிரசவம் ஆனதும் என் மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே இரத்தம் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடையில் அதற்கென்றே ஒரு தரகர் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளை நாடிப் போனவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். அவர் ஒல்லியான ஒருவரை அழைத்துவந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கண்ணாடிப் பாட்டிலில் இரத்தம் வந்தது. என் மனைவி பிழைத்தாள். அந்த மனிதர் வெளியே வந்தபோது அவருக்கு டீ வாங்கித் தரவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். நான் தந்ததில் தரகர் போக அவருக்கு என்ன மிஞ்சியதோ, அதற்கு முந்தின வாரம் அவர் எங்கே இரத்தம் விற்றாரோ, யாருக்குத் தெரியும்? பல ஆண்டுகள் கழித்து, என் மகளின் குழந்தையைக் கையில் வாங்கிய அன்றுதான் அந்த முகத்தை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றேன். வரவில்லை.

இரத்தத்தை விலைக்கு வாங்கும் சமுதாயத்தில், விற்பவன் தன் நோயை மறைக்கத் தூண்டப்படுகிறான், வாங்குபவனும் ஆபத்துக்கு உள்ளாகிறான், மற்றவர்களிடம் கொடுக்கும் மனமும் வற்றிப்போகிறது என்று ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1970-ல் ஒரு நூல் முழுவதும் வாதித்தார். அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1921-ல், இலண்டனில் பெர்சி ஆலிவர் என்னும் நகரசபை உத்தியோகஸ்தர், ஆஸ்பத்திரி அழைத்தவுடன் கூலி வாங்காமல் சென்று இரத்தம் தரும் அன்பர்களின் பட்டியல் ஒன்றைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இரவில் தொலைபேசி மணி அடித்தாலும் எழுந்து ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் தேதியோடு இரத்த விற்பனை நின்றது. அந்த டீக்கடைத் தரகரும் அன்றோடு போயிருப்பார்.

விலை போய்விட்டது, வேறு உருவில் அது திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளவேண்டிய பொறுப்பு நம்முடையது. ஒரு பள்ளிக்கூடத்தில், பெயர் வேண்டாம், இரத்தம் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகளை மேடையில் ஏற்றி நிறுத்திக் கைதட்டச் செய்தார்கள். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு தகப்பனாரின் மகன் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் என் அடுத்த வீட்டுப் பையன். குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைக்கும் நம் பழைய வழக்கத்தை இரத்தப் பையின்மேலும் கொண்டுவந்து ஒட்டவேண்டாம் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் கொடாதவர்கள் அல்லர்.

எனக்கு இப்போது 66 வயது. நம் நாட்டு விதிப்படி 65-க்குமேல் எடுக்கமாட்டார்கள். சென்ற முகாமில் என் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "போதும் ஐயா, நீங்க உக்காந்து மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டார்கள். பேத்திக்குப் பதினான்கு. அந்த முகாமில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே கூடத்தில் முகாம் நடக்கிறது. வரும்போது குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்; அவர்கள் கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: சென்ற முறை இரண்டு பேர் இதை ஒரு விரதம்போல எண்ணிப் பட்டினியாக வந்து, படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் நான்கு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.